பெயருக்குக் கீழே ஒரு சொல்

1

நான் கனடாவுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த நாளில், என்னுடைய பழைய ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தன் பெயருக்குக் கீழே இருக்கும் ஒரு சொல்லை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியும். ஒரு நிமிட வேலை. நான் எடுக்கவில்லை.

ஏன் என்பதை எழுதுகிறேன். ஊரில் இதை வாசிப்பவர்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஆகவே பெயரை மாற்றி, சபாநாதன் மாஸ்டர் என்று வைத்திருக்கிறேன். அவருக்கு என்னிடமிருந்து கிடைக்கும் சலுகை இது ஒன்றுதான்.

2

ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணிநேரத் தூரத்தில் ஒரு பல்கலைக்கழக நகரத்தில் இருக்கிறேன். காலை ஆறரைக்கு பஸ். குளிர்காலத்தில் அந்த நேரத்துக்கு இன்னும் விடிந்திருக்காது. ஆய்வுக்கூடம் ஒன்றில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தேன். கடிதம் அனுப்புவது, கூட்டத்துக்கு அறை பிடிப்பது, கோப்பி இயந்திரம் பழுதானால் ஆள் கூப்பிடுவது.

அங்கே ஐந்து பேர் சேர்ந்து குவாண்டம் கணினிக்கென்று ஒரு நிரல் மொழி செய்திருந்தார்கள். குவாண்டம் கணினி இன்னும் ஒழுங்காகக் கட்டி முடிக்கப்படாத இயந்திரம். ஆனால் அதோடு பேசுவதற்கான மொழி வந்துவிட்டது. சாதாரணக் கணினியில் அதை ஒத்திகையாக ஓட்டிப் பழகலாம். பல நாடுகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: எங்கே தொடங்குவது?

தொடங்குவதற்கு வேண்டியவை எல்லாம் இருந்தன, ஓரிடத்தில் இல்லை. ஒருவரிடம் விரிவுரைக் குறிப்பு. இன்னொருவரின் சொந்தப் பக்கத்தில் பயிற்சிகள். விடைகள் பழைய மின்னஞ்சல்களுக்கு அடியில். கணினியில் அந்த மொழியை நிறுவும் முறையோ ஒரு மாணவனின் தலைக்குள் மட்டும். அவன் விடுமுறையில் போனால் உலகத்தில் யாரும் நிறுவ முடியாது.

"நீங்கள் பத்திரிகையில் இருந்தவர்தானே? இதையெல்லாம் ஒழுங்குபடுத்துங்கள்" என்றார் பேராசிரியர்.

இருந்தேன். கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு ஐந்து வருடம் ஹற்றன் நிருபர். என் முதல் செய்தியை அங்கிருந்த செய்தி ஆசிரியர் பாதியாக வெட்டி, வெட்டியதற்குக் காரணத்தையும் ஓரத்தில் எழுதி அனுப்பினார். சபாநாதன் மாஸ்டரைப் போல அவரும் யாழ்ப்பாணத்தவர்தான். பின்னால் வருவதை வாசிக்கும்போது அவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி மேசையில் பழகிய முறையில்தான் வேலையைத் தொடங்கினேன். முதல் நாள் காலையில் இந்த ஆளின் கையில் என்ன இருக்க வேண்டும்? எந்த இடத்தில் தடுக்கி விழுவார்? விழுந்தால் யாரைக் கேட்பார்? எல்லாவற்றையும் ஒன்றும் தெரியாதவளாக இருந்து வாசித்தேன். அதற்கு நடிக்கத் தேவைப்படவில்லை. "எளிதில் காணலாம்" என்று எழுதியிருந்த இடங்களை எல்லாம் சிவப்பால் அடித்தேன். நாற்பத்தொரு இடங்கள். எளிதில் காணலாம் என்று எழுதுகிறவர், காண முடியாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

பயிற்சிகளின் விடைகளைப் பூட்டிவைக்க வேண்டும் என்றார் பேராசிரியர். ஒரு சிறு தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் கடவுச்சொல் கொடுக்கலாம். இல்லாவிட்டால் கண்டபடி வருவார்கள், கேள்வி கேட்டே நம்மைக் கொன்றுவிடுவார்கள் என்றார்.

வேண்டாம் என்றேன். என் குரல் தேவைக்கு அதிகமாக உயர்ந்திருக்க வேண்டும், அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியானால் கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது?"

நான் அவருக்கு ஒரு மலையைப் பற்றிச் சொன்னேன்.

றொசல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மா கொழுந்து பறித்தாள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்துவிடுவார்கள். மலையில் ஆளுக்கொரு நிரை. புதிதாகப் பெயர் பதிந்த பெண் எப்படியும் பின்தங்குவாள். அவள் நிரை பாதியில் நிற்கும்போது மற்றவர்கள் மேலே போய்விடுவார்கள். அப்போது முதலில் முடித்தவள் அந்தப் பெண்ணின் நிரையின் மறுமுனையிலிருந்து பறித்துக்கொண்டு இறங்கி வருவாள். பறித்ததைப் புதியவளின் கூடையிலேயே போடுவாள். கங்காணி அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மதியம் பள்ளிவிட்டு நான் சாப்பாடு கொண்டுபோனபோது, அம்மா முடித்துவிட்டு மேலே நின்றாள். கீழேயிருந்து ஒரு குரல்:

"ஏன்டி காளியம்மா, மேல நின்னு காத்து வாங்குறியா? புதுசா வந்த புள்ள அழுதுகிட்டு நிக்குது, எறங்குடி!"

"எறங்குறேன்டி. என் காலு என்ன ரயிலா?"

எல்லாவற்றையும் சேர்த்து நான் தொடங்கிய இணையக் கற்றல் பக்கத்தின் விதியும் அதுதான். வருகிற எல்லோருக்கும் எல்லாம் திறந்திருக்கும். வந்தவர் பெயருக்குக் கீழே "புதியவர்" என்று இருக்கும். பாடங்களை முடித்ததும் அடுத்து வந்த ஒருவரின் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில் ஏற்கப்பட்டால் பெயருக்குக் கீழே "துணைவர்" என்று மாறும். பேராசிரியர் யோசித்தார். அவருக்கு வேலை குறையும் என்பது விளங்கியதும் சம்மதித்தார். அவரவர் மொழியில் கேட்கலாம் என்று நான் ஒரு வரி சேர்த்ததை அவர் கவனிக்கவில்லை.

பதிலை ஏற்பதும் சொல்லை மாற்றுவதும் என் வேலை.

3

பக்கம் தொடங்கி ஐந்தாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கியது. ஸ்காபரோவில் மகளோடு வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் எழுதியிருந்தார். வயது அறுபத்தெட்டு. இந்தப் புதிய துறையைச் சாவதற்கு முன் கொஞ்சமாவது விளங்கிக்கொள்ள ஆசை. பயிற்சிகளின் விடைகளைத் தயவுசெய்து அனுப்ப முடியுமா? விடைகள் திறந்தே கிடக்கின்றன என்பதை அவர் நம்பவில்லை. விடை என்றால் யாரோ ஒருவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று பழகியவர்.

பெயரைப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன்.

தொண்ணூற்றொன்றில் ஹற்றனில் நான் உயர்தரக் கணித வகுப்பு. வகுப்பில் இருபத்திரண்டு பேர். தோட்டத்திலிருந்து நான்கு பேர், பெண் நான் ஒருத்தி. சபாநாதன் மாஸ்டரின் மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரி. உள்ளே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணக்குத் தாள்கள், ரோணியோ பிரதிகள், நீல நூலால் கட்டி வருட வாரியாக அடுக்கியிருக்கும். கண்ணாடிக்கு வெளியிலிருந்து தலைப்புகளை வாசிக்கலாம். அலுமாரி எப்போதும் பூட்டியிருக்கும், திறப்பு அவருடைய சட்டைப் பையில்.

டவுனில் கடை வைத்திருந்தவரின் மகனை "நீர்" என்பார். நீர் இதைக் கொண்டுபோய்ச் செய்து பாரும். என்னை "நீ" என்பார்.

"சேர், எனக்கும் ஒரு தாள் குடுங்க சேர். ஞாயித்துக்கெழம எழுதிட்டு திங்கக்கெழம கொண்டாந்து குடுத்திருவேன்."

"உனக்கு உது இப்ப தேவையில்லை. தவணைச் சோதினையிலை அறுபது எடு, பிறகு பாப்பம்."

ஐம்பத்தெட்டு எடுத்தேன். அடுத்த தவணை அறுபத்துமூன்று எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் புள்ளித்தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் ஏதும் இல்லை, உண்மையாகவே வியந்திருந்தார்.

"பறவாயில்லையே. எழுபது எடு, பிறகு பாப்பம்."

பின்வரிசை வாங்கிலிருந்து யாரோ சொன்னான்: "எழுவது எடுத்தா எம்பதுன்னுவாரு புஷ்பா. நீ கொழுந்துக் கூடைய எடு, அது லேசு." சிரித்தார்கள். மாஸ்டரும் கொஞ்சம் சிரித்தார்.

பரீட்சையில் இரண்டு கணக்குகள் அந்தத் தாள்களில் இருந்தவற்றைப் போலவே வந்ததாகக் கடைக்காரர் மகன் வெளியே வந்து சொன்னான். அவன் பொறியியலாளன் ஆனான். எனக்கு இரண்டு பாடத்தில் சாதாரணச் சித்தி மட்டும், கணிதத்தில் தேறவில்லை. நிருபர் வேலை பிடித்த வேலைதான். ஆனால் நான் தேர்ந்தெடுத்த வேலை அல்ல.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவருடைய கடிதத்துக்கு நான் எழுதிய பதில் இரண்டு வரி. விடைகள் பக்கத்திலேயே உள்ளன, பூட்டு இல்லை. தங்களைப் புதியவராகப் பதிந்திருக்கிறேன்.

4

அந்த மாதம்தான் குடியுரிமை விண்ணப்பத்துக்காக என் பிறப்புச் சான்றிதழை வெளியே எடுத்தேன். அதில் அப்பாவின் இனம் "இந்தியத் தமிழர்". அப்பா இந்தியாவைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பா பிறந்ததும் அதே தோட்டத்தின் அதே லயத்து வரிசை வீட்டில். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் ஒருமுறை இதை எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். எழுதுவினைஞர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார்: வைத்தவர்கள்தான் எடுக்க வேண்டும், நான் எடுக்க முடியாது.

இங்கே குடியுரிமை அலுவலகக் கருமபீடத்தில் இருந்த பெண்ணும் பொறுமைதான். "பிறந்த இடம் ஸ்ரீலங்கா. ஆனால் இந்தியர் என்றிருக்கிறதே. எந்த ஆண்டு இந்தியாவிலிருந்து குடிபெயர்ந்தீர்கள்?"

"நான் குடிபெயரவில்லை."

"உங்கள் பெற்றோர்?"

"அவர்களும் இல்லை."

அவள் கணினித் திரையில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாதென்றாள். இன்னொரு நாள் வரச் சொன்னாள். வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வயது மகள் அபியிடம் சொன்னேன். "அப்ப நாங்க இண்டியனா?" என்றாள், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். லயம் என்றால் என்ன என்று அவளுக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறேன். மூன்று முறையும் "ஓ, டவுன்ஹவுஸ் மாதிரி" என்றாள்.

நூற்றைம்பது வருடமாக ஒரு மலையில் இருப்பவர்களின் பெயருக்குக் கீழே இன்னும் வந்தவர்கள் என்று எழுதிவைக்க முடியும். அதை வேறொருவரின் மேசையில் செய்யலாம், குரலை உயர்த்தாமல் செய்யலாம். இதை அன்று குறித்துக்கொண்டேன்.

5

சபாநாதன் மாஸ்டர் பாடங்களை ஆறு வாரத்தில் முடித்தார். மாணவர்கள் பலர் நான்கு மாதம் எடுத்தவை. அவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. அடுத்து அவர் ஒரு புதியவருக்குப் பதில் எழுத வேண்டும். தமிழில் கேட்டிருந்த புதியவர் ஒருத்திதான்: யோகேஸ்வரி, ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பிள்ளை, பல்கலைக்கழக இறுதி வருடம். வேலைநிறுத்தத்தால் பல்கலைக்கழகம் மூடிக்கிடந்தது. வீட்டிலிருந்தே செயற்றிட்டத்தை முடிக்க வேண்டும், திறந்த அன்றே கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியாவுக்கு பஸ் ஏறிவந்து, இணையக் கடையில் ஒரு மணிநேரம் இருந்து எழுதினாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். அதைத் தமிழாக்கித் தருகிறேன்:

"நடுவுல என்னா நடக்குதுன்னு பாக்குறதுக்கு ஒரு வரி போட்டேன். அந்த வரிய எடுத்தா விடை சரியா வருது. போட்டா கெட்டுப்போகுது. நான் ஒன்னையும் மாத்தலங்க, பாக்க மட்டுந்தான் செஞ்சேன். ஏன்?"

இந்த மொழிக்குப் புதிதாக வருகிற எல்லோரும் விழுகிற குழி இது. நான் கேள்வியை மாஸ்டருக்கு அனுப்பினேன்.

அவருடைய முதல் பதிலில் ஒன்பது சமன்பாடுகளும் "இது வெளிப்படை" என்ற வரியும் இருந்தன. திருப்பி அனுப்பினேன்: புதியவருக்குப் புரியாது, திரும்ப எழுதவும். இதில் தவறில்லை. எந்தச் செய்தி ஆசிரியரும் செய்திருப்பார்.

இரண்டாவதில் சமன்பாடு இல்லை. ஒரு சிறிய உதாரணத்தைப் படிப்படியாகச் செய்து காட்டியிருந்தார். நீளம் கொஞ்சம் அதிகம், ஆனால் விளங்கியது. திருப்பி அனுப்பினேன்: நீளம், திரும்ப எழுதவும்.

மூன்றாவது பதினொரு வரி. இடியப்பம் அவிகிற சட்டியின் மூடியை நடுவில் திறந்து பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தார். "பார்க்க மட்டும்தான் திறந்தேன் என்று சொல்லலாம். ஆனால் ஆவி போய்விட்டது. இப்போது உங்கள் முன்னால் இருப்பது அவிந்துகொண்டிருந்த இடியப்பம் அல்ல, திறந்து பார்க்கப்பட்ட இடியப்பம். இந்த மொழியில் பார்ப்பதும் ஒரு செயல். ஆகவே உங்கள் நிரலில் அதையும் ஒரு படியாக எண்ணுங்கள். பார்க்க வேண்டுமானால் கடைசியில் பாருங்கள். நடுவில் நடப்பதை அறிய வேண்டுமானால், நிரலை அந்த இடம்வரை வெட்டி, முதலிலிருந்து தனியாக ஓட்டிப் பாருங்கள்."

பக்கத்தில் இருக்கும் அத்தனை விளக்கங்களிலும் இது சிறந்தது. ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றத் தேவையில்லை. அதை இரண்டு தடவை வாசித்தேன்.

புதியவருக்குப் புரியாது, திரும்ப எழுதவும் என்று அனுப்பினேன்.

அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தபோது எனக்கு இருந்த நிறைவை இங்கே மறைக்கப் போவதில்லை. அது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை யோகேஸ்வரி பஸ்ஸில் வந்து பக்கத்தைத் திறந்து, பதில் இல்லையென்று கண்டு, திரும்ப பஸ் ஏறுவாள் என்பதும் எனக்குத் தெரியும். அது மூன்றாவது ஞாயிறு. ராகலையிலிருந்து நுவரெலியாவுக்கு வரும் பாதை எனக்குத் தெரியும், மழையில் அந்த பஸ் எப்படி நாறும் என்பதும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

6

அந்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் கழிந்து, திங்கட்கிழமை யோகேஸ்வரியின் கடிதம் வந்திருந்தது.

"அக்கா, பக்கத்துல இன்னும் பதிலக் காணோம், அதுக்காக எழுதல. சபாநாதன் சேர் என் அட்ரஸப் பாத்து எனக்கு நேரா அனுப்பிட்டாருங்க. மூனு பதிலையும் அனுப்புனாரு. ரெண்டாவதுலயே வெளங்கிருச்சு, மூனாவது அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், அம்மாவுக்கே வெளங்கிருச்சு! கெம்பஸ் இந்த வாரம் தொறக்குது, ப்ரொஜெக்ட் ரெடி. சேர்கிட்ட ஏன் மூனு தரம் எழுதுனீங்கன்னு கேட்டேன். 'பக்கத்தைப் பாக்கிற பிள்ளை கண்டிப்பானவ. அவ சொல்லுறது சரி. முப்பது வரியம் விளங்காமல்தான் படிப்பிச்சிருக்கிறன் போலை' அப்படின்னு எழுதியிருந்தாரு. ஒங்களுக்கு ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க அக்கா."



நடந்தது இதுதான். திறப்பு என் பையில் இருந்தது. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அவளுக்குத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் சபாநாதன் மாஸ்டர். விதியை மீறிக் கொடுத்தார். எனக்காக ஒருமுறையும் எந்த விதியையும் மீறாதவர்.

வெட்கப்பட்டேன் என்று எழுதினால் இந்தக் குறிப்பு அழகாக முடியும். வெட்கமும் இருந்தது. அதைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. பழிவாங்க நான் அனுப்பிய வாக்கியத்தை அவர் பாடமாக எடுத்துக்கொண்டார். அதையும் வாங்கிக் கெட்டிக்காரராகிவிட்டார். எனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

மூன்றாவது பதிலை அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல், அன்று காலையே பக்கத்தில் போட்டேன். யோகேஸ்வரியின் கேள்வி மேலே, அவருடைய பதில் கீழே. பதில் ஏற்கப்பட்டால் சொல் மாற வேண்டும் என்பது நானே எழுதிய விதி. சொல்லை மாற்றவில்லை.

7

அவர் அழைத்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம், பக்கத்தில் நான் போட்டிருந்த எண்ணுக்கு. நான் கனடா வந்து பத்து வருடமானதற்காக அபி கடையில் ஒரு கேக் வாங்கிவந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹலோ, அந்தக் கற்றல் பக்கத்தைப் பாக்கிற பிள்ளையே? நான் சபாநாதன், ஸ்காபரோவிலையிருந்து கதைக்கிறன்."

"சொல்லுங்க சேர்."

"குறை நினையாதையுங்கோ. என்ரை பதிலைப் போட்டிட்டியள், நன்றி. பெயருக்குக் கீழை மட்டும் இன்னும் புதியவர் எண்டு கிடக்கு. பேரப்பிள்ளையள் பாத்திட்டு, தாத்தா நியூ எண்டு பகிடி பண்ணுதுகள்." சிரித்தார். பிறகு, "உங்கடை கதையைக் கேட்டால் மலைநாடு போலை கிடக்கு" என்றார்.

"றொசல்ல, சேர்."

"அட! நான் ஹற்றனிலை எட்டு வரியம் படிப்பிச்சனான்."

"தெரியும் சேர். ஒங்க மேசைக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி அலுமாரி இருந்துச்சு. திறப்ப சட்டைப் பையில வச்சிருப்பீங்க."

மறுமுனையில் ஒரு குழந்தை எதையோ கேட்டது.

"எந்த வருசம், பிள்ளை?"

"தொன்னூத்தொன்னு. அறுபத்துமூனு எடுத்தேன். எழுவது எடு, பிறகு பாப்பம்னீங்க."

செய்தி சேகரித்த காலத்தில் மனிதர்கள் பொய் சொல்வதற்கு முன் விடும் மூச்சை நிறையக் கேட்டிருக்கிறேன். அவர் அப்படி மூச்சு விடவில்லை.

"உங்களை எனக்கு ஞாபகம் வரேல்லை" என்றார். "அலுமாரி ஞாபகம். வரேக்கை அந்தத் தாளுகளை அப்படியே விட்டிட்டு வந்தனான். ஆரும் எடுத்தாங்களோ தெரியாது." பிறகு, "இப்ப நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டார்.

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. வராதது வசதியாக இருந்தது.

"இன்னும் அஞ்சு கேள்விக்கு எழுதுங்க சேர். பிறகு பாப்பம்."

"ஓம்" என்றார். "ஓம் பிள்ளை. எழுதுறன்." தொலைபேசியை வைக்கும் சத்தம்கூடக் கேட்காத அளவுக்கு மெதுவாக வைத்தார்.

"யாரு அம்மா?" என்றாள் அபி.

சொன்னேன். அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். கணினியில் என்னைவிடக் கை வேகம்.

"அவரோட ஆன்சர ஏத்துக்கிட்டீங்கதானே? ரூல்படி மாத்தணும். ஒரு சொல்லுதான், நான் மாத்தவா?"

"கை வைக்காத."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேக்கில் தன் துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள்வரை என்னோடு பேசவில்லை.

இதை எழுதும்போது அவர் ஐந்து கேள்விகளுக்கும் எழுதிவிட்டார். ஐந்தும் சரி. வந்த அன்றே போட்டுவிடுகிறேன், இனி யாருடைய ஞாயிற்றுக்கிழமையும் வீணாகாது. அவருடைய விளக்கங்களைத் தேடிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். யோகேஸ்வரி தனக்கு அடுத்து வந்தவனுக்கு எழுதினாள், அவள் துணைவராகிவிட்டாள்.

அவர் எழுபது எடுத்துவிட்டார். நேற்று அவருக்கு ஆறாவது கேள்வியை அனுப்பினேன். பக்கத்தில் ஒவ்வொரு பதிலின் அடியிலும் அவர் பெயர் இருக்கிறது. பெயருக்குக் கீழே: புதியவர்.